திங்கட்கிழமை ரயிலில் இருங்கள்



செங்கல்பட்டிலிருந்து ஒரு வாசகி எழுதியிருந்தார். "காலாண்டுப் பரீட்சை லீவில் குடும்பத்தோடு டெல்லி போகலாம் என்றிருக்கிறோம். நான், கணவர், இரண்டு பிள்ளைகள், மாமியார். அங்கே நான்கு நாள் இருப்போம். இந்த இடங்களை எந்த வரிசையில் பார்க்கலாம் என்று சொல்லுங்கள்." கூடவே ஒரு பட்டியல். எண்ணிப் பார்த்தேன், 27 இடங்கள். ஆக்ரா, மதுரா, ஹரித்வார் மூன்றும் அதில் அடக்கம். மாமியாருக்கு வயது 71, மூட்டுவலி உண்டு என்பதைக் கடைசி வரியில் எழுதியிருந்தார்.

அந்தக் கடைசி வரியை முதலில் வைத்துக்கொண்டுதான் யோசித்தேன். காரணம் இருக்கிறது.

பல வருடங்களுக்கு முன்னால் என் அம்மாவை டெல்லிக்கு அழைத்துப் போனேன். 'ஒரே நாளில் 11 இடங்கள்' என்று ஒரு டூர் பஸ்ஸில் டிக்கெட் எடுத்தோம். காசு மிச்சம், அலைச்சலும் மிச்சம் என்று எனக்குத் தோன்றியது. காலை ஏழு மணிக்கு ஏறினோம். ஒவ்வொரு இடத்திலும் கைடு கடிகாரத்தைக் காட்டி, "இருபது நிமிஷம், இருபது நிமிஷம்" என்று விரட்டினார். மூன்றாவது இடத்திலேயே அம்மாவுக்கு முழங்கால் மடங்கவில்லை. "நீங்க போயிட்டு வாங்க, நான் உக்காந்திருக்கேன்" என்று சொல்லிவிட்டார். குதுப்மினாரை அவர் பஸ் ஜன்னல் வழியாகத்தான் பார்த்தார், அதுவும் பாதி. ஒரு சால்வைக் கடையில் மட்டும் பஸ் முக்கால் மணி நேரம் நின்றது. அங்கே நாற்காலி போட்டு, டீ கொடுத்து உட்கார வைத்தார்கள்.

ஊருக்கு வந்ததும் பக்கத்து வீட்டு அக்கா, "டெல்லி எப்படி இருந்துச்சு?" என்று கேட்டார். அம்மா அந்தச் சால்வைக் கடையைப் பற்றித்தான் சொன்னார். கால் வலிக்காமல் அவர் இருந்த ஒரே இடம் அதுதானே!

அன்றிலிருந்து எனக்கு ஒரு கணக்கு உண்டு. குடும்பத்தில் யார் மெதுவாக நடப்பாரோ, அவருடைய நடைதான் அந்தப் பயணத்தின் வேகம். காலையில் ஒரு இடம், மாலையில் ஒரு இடம். நடுவில் சாப்பாடு, ஒரு குட்டித் தூக்கம். ஒரு நாளுக்கு அவ்வளவுதான். நான்கு நாளில் ஏழெட்டு இடம் தேறும். "இவ்வளவு செலவு பண்ணிப் போறோம், ஏழெட்டு இடம்தானா?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்விதான். ஆனால் 27 இடத்துக்குப் போய்விட்டு வந்தவர்களிடம், எதைப் பார்த்தீர்கள் என்று ஒரு வாரம் கழித்துக் கேட்டுப் பாருங்கள். செல்போனைத் திறந்துதான் பதில் சொல்வார்கள்.

சரி, கிழமைக்கு வருவோம். டெல்லிக்குத் திட்டம் போடுகிறவர்கள் முதலில் பார்க்க வேண்டியது வரைபடத்தை இல்லை, காலண்டரை. திங்கட்கிழமை செங்கோட்டை மூடியிருக்கும். தேசிய அருங்காட்சியகம், தாமரைக் கோயில், அக்‌ஷர்தாம், ரயில் அருங்காட்சியகம், காந்தியடிகள் கடைசியாகத் தங்கியிருந்த வீடு, எல்லாவற்றுக்கும் அன்று விடுமுறை. வெள்ளிக்கிழமை தாஜ்மகால் மூடியிருக்கும். சனி, ஞாயிறு எங்கும் கூட்டம் நெரியும். அவ்வளவு தூரம் போய், பூட்டிய கதவின் முன்னால் நின்று போட்டோ எடுத்துக்கொண்டு திரும்பிய குடும்பங்கள் எத்தனை!

அதனால் என் யோசனை இது. ஞாயிற்றுக்கிழமை இரவு சென்னை சென்ட்ரலில் தமிழ்நாடு எக்ஸ்பிரஸில் ஏறுங்கள். சுமார் 2,180 கிலோமீட்டர், ஏறத்தாழ 33 மணி நேரம். திங்கட்கிழமை முழுவதும் ரயிலில் போய்விடும். டெல்லியில் எல்லாம் மூடிக் கிடக்கும் அந்த நாளில் நீங்கள் ஜன்னல் ஓரத்தில் உட்கார்ந்து விஜயவாடாவில் வாங்கிய டீயைப் பற்றிப் பேசிக்கொண்டிருப்பீர்கள். செவ்வாய் விடிகாலை புது டெல்லி. செவ்வாய், புதன், வியாழன், வெள்ளி ஆகிய நான்கும் உங்கள் நாட்கள். வெள்ளி இரவு ரயில் ஏறினால் ஞாயிறு காலை சென்னை. திங்கள் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம். தெற்கு மாவட்டத்துக்காரர்களுக்குக் கன்னியாகுமரியிலிருந்து டெல்லி நிஜாமுதீன் ஸ்டேஷனுக்குப் போகும் திருக்குறள் எக்ஸ்பிரஸ் இருக்கிறது. அது தினமும் ஓடுவதில்லை என்பதால் கிழமைக் கணக்கைக் கொஞ்சம் மாற்றிப் போட வேண்டும்.

டிக்கெட் விஷயத்தில் இரண்டு செய்திகள். முன்பெல்லாம் 120 நாள் முன்னதாக எடுக்கலாம். 2024 நவம்பரிலிருந்து அது 60 நாளாகிவிட்டது. செப்டம்பர் கடைசி வாரப் பயணம் என்றால் ஜூலை கடைசியிலேயே கை கணினியில் இருக்க வேண்டும். இன்னொன்று, பலருக்குத் தெரியாதது. பெரியவர்களுக்கான லோயர் பெர்த் ஒதுக்கீடு, அவர்கள் தனியாகவோ இருவராகவோ ஒரே டிக்கெட்டில் போனால்தான் கிடைக்கும். ஆண்களுக்கு 60 வயது, பெண்களுக்கு 45 வயது. ஐந்து பேரையும் ஒரே டிக்கெட்டில் போட்டால் அந்தச் சலுகை கணக்கில் வராது, பாட்டிக்கு அப்பர் பெர்த் விழுந்தாலும் விழும். மாமியாருக்குத் தனியாக ஒரு டிக்கெட் போடுங்கள். கோச் மாறிப்போனாலும், 71 வயதில் மேலே ஏறச் சொல்வதைவிட இடம் மாற்றிக்கொள்ளச் சொல்லிக் கேட்பது எளிது.

காலாண்டு லீவைத் தேர்ந்தெடுத்த அந்த வாசகிக்கு என் பாராட்டு. நம் பள்ளிகளின் பெரிய லீவு மே மாதம். அப்போது டெல்லியில் 45 டிகிரி வரை கொளுத்தும், மதியத்தில் அனல் காற்று முகத்தில் அறையும். அரையாண்டு லீவு டிசம்பர் கடைசியில் வரும். அப்போது பனிமூட்டம் இறங்கி ரயில்கள் மணிக்கணக்கில் தாமதமாகும். தீபாவளியை ஒட்டிய வாரங்களில் காற்றில் மாசு, ஆஸ்துமா இருப்பவர்கள் அந்தப் பக்கமே போக வேண்டாம். பிள்ளைகளின் லீவும் டெல்லியின் வானிலையும் ஒத்துப்போவது செப்டம்பர் கடைசி, அக்டோபர் முதல் வாரத்தில்தான். மழை ஓய்ந்திருக்கும், குளிர் வந்திருக்காது. பள்ளிக் கணக்கு இல்லாத வீட்டுக்காரர்களுக்குப் பிப்ரவரி, மார்ச் இன்னும் நல்லது. குடியரசுத் தலைவர் மாளிகையின் தோட்டத்தை அப்போது பொதுமக்களுக்குத் திறந்து விடுகிறார்கள்.

தங்கும் இடம் கரோல் பாக் பக்கம் என்றால் நம் சாப்பாடும் கிடைக்கும், மெட்ரோவும் பக்கத்திலேயே. ரூம் வாடகையைக் கேட்பதற்கு முன்னால், "லிஃப்ட் இருக்கிறதா?" என்று கேளுங்கள். 300 ரூபாய் குறைவு என்று மூன்றாவது மாடியில் ரூம் எடுத்துவிட்டு, தினமும் நான்கு முறை அந்தப் படிகளில் பாட்டி படும் பாட்டைப் பார்க்க முடியாது. ஸ்டேஷனில் இறங்கியதும் யாராவது வந்து, "உங்க ஹோட்டல் மூடிட்டாங்க, நான் வேற இடம் காட்டுறேன்" என்று சொன்னால் நின்று பதில்கூடச் சொல்ல வேண்டாம், நடந்துகொண்டே இருங்கள். ஹோட்டலுக்கு நீங்களே போன் செய்து கேட்டுக்கொள்ளலாம்.

செவ்வாய்க்கிழமை காலை எங்கும் போகாதீர்கள். ஒன்றரை நாள் ரயிலில் குலுங்கிய உடம்பு. குளித்து, சாப்பிட்டு, தூங்குங்கள். மதியத்துக்குமேல் காந்தி ஸ்மிருதிக்குப் போங்கள். அன்று பிர்லா மாளிகை என்று பெயர். காந்தியடிகள் தம் வாழ்நாளின் கடைசி 144 நாட்கள் தங்கியிருந்த வீடு. அவருடைய அறை, மெத்தை, கைத்தடி, மூக்குக் கண்ணாடி எல்லாம் அப்படியே வைத்திருக்கிறார்கள். அறையிலிருந்து பிரார்த்தனைத் திடலுக்கு அவர் நடந்த வழியில், காலடித் தடங்களை ஒவ்வொன்றாகப் பதித்திருக்கிறார்கள். 1948 ஜனவரி 30 மாலை அந்தத் தடங்கள் ஓரிடத்தில் நின்றுபோகின்றன. வீடு இருக்கும் தெருவுக்கும் அந்தத் தேதிதான் பெயர், 'தீஸ் ஜனவரி மார்க்'. இங்கே கட்டணம் கிடையாது. ஓடுகிற பிள்ளைகளும் அந்தத் தடங்களைப் பார்த்ததும் தாங்களாகவே மெதுவாக நடப்பார்கள். நான் போனபோது ஒரு சிறுமி ஒவ்வொரு தடத்தின் பக்கத்திலும் தன் காலை வைத்து, மிதிக்காமல், கடைசிவரை நடந்து போனாள். பாடப்புத்தகத்தில் ஒரு வரியாகப் படித்தது அவளுக்கு அன்று ஒரு தெருவாக, ஒரு தோட்டமாக ஆகியிருக்கும்.

மாலையில் இந்தியா கேட். 42 மீட்டர் உயரம், முதல் உலகப் போரிலும் ஆப்கன் போரிலும் இறந்த வீரர்களுக்காகக் கட்டியது. பக்கத்திலேயே 2019-ல் திறந்த தேசியப் போர் நினைவிடம். விளக்குப் போட்ட பிறகு புல்வெளியில் உட்கார்ந்திருந்தாலே போதும். முதல் நாள் முடிந்தது.

புதன்கிழமை காலை செங்கோட்டை. வழிகாட்டும் வேலையைப் பிள்ளையிடம் விட்டுவிடுங்கள். டெல்லி மெட்ரோவில் ஒவ்வொரு தடத்துக்கும் ஒரு நிறம். "நாம ப்ளூ லைன்ல இருக்கோம், வயலட் லைனுக்கு எங்க மாறணும்?" என்று ஏழாம் வகுப்புப் படிக்கும் பையனிடம் கேளுங்கள். செங்கோட்டைக்கு 'லால் கிலா' என்றே ஸ்டேஷன் இருக்கிறது. லிஃப்ட் உண்டு, ரயிலின் முதல் பெட்டி பெண்களுக்கானது. வழி தவறினால்தான் என்ன? திரும்பி வந்தால் போயிற்று. வழி கண்டுபிடித்துக் குடும்பத்தைக் கொண்டுபோய்ச் சேர்த்த பிள்ளை அந்தக் கோட்டையைத் தன் கோட்டையாகப் பார்ப்பான்.

ஷாஜகான் கட்டிய கோட்டை, 1648-ல் முடிந்தது. ஆகஸ்ட் 15 அன்று டிவியில் நாம் பார்க்கும் கொடி ஏறுவது இங்கேதான். உள்ளே நடை அதிகம். லாகூர் வாசல் தாண்டினால் கூரை போட்ட பழைய கடைத்தெரு, அதைத் தாண்டி மக்கள் குறைகேட்ட மண்டபம். பெரியவர்கள் அதுவரை வந்தால் போதும், மற்றவர்கள் போய்த் திரும்பும்வரை நிழலில் உட்காரலாம். 1857-க்குப் பிறகு கடைசி முகலாய மன்னர் பகதூர் ஷா ஜாபரை இதே கோட்டையில்தான் விசாரித்து ரங்கூனுக்கு அனுப்பினார்கள். 1945-ல் நேதாஜியின் இந்திய தேசிய ராணுவத் தளபதிகளை நிறுத்தி விசாரித்ததும் இங்கேதான். மலேயாவிலும் பர்மாவிலும் இருந்த நம் தமிழர்கள் எத்தனையோ பேர் அந்தப் படையில் சேர்ந்தவர்கள். உங்கள் வீட்டுப் பாட்டிக்கு அப்படி ஒருவரையாவது தெரிந்திருக்கக்கூடும், கேட்டுப் பாருங்கள். கைடு சொல்லாத கதை அவரிடம் இருக்கலாம்.

மாலையில் கன்னாட் பிளேஸ் பக்கமுள்ள பங்ளா சாஹிப் குருத்வாரா. தலையை மூடிக்கொண்டு போக வேண்டும், துணி அங்கேயே தருவார்கள். குளக்கரையில் எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் உட்காரலாம். யார் வந்தாலும் சாதி, மதம் கேட்காமல் வரிசையாக உட்கார வைத்துச் சோறு போடுகிறார்கள். நம் பிள்ளைகள் பார்க்க வேண்டிய முக்கியமான இடம் என்று நான் இதைத்தான் சொல்வேன்.

வியாழக்கிழமை ஆக்ரா. நிஜாமுதீனில் காலை எட்டு மணியை ஒட்டிக் கிளம்பும் கதிமான் எக்ஸ்பிரஸ் ஒன்றே முக்கால் மணி நேரத்துக்குள் கொண்டுபோய் விடுகிறது, மாலையில் அதுவே திருப்பி அழைத்து வருகிறது. காரில் போய் வருவது பெரியவர்களுக்கு இடுப்பு ஒடிகிற வேலை. தாஜ்மகாலுக்குப் பக்கத்தில் வண்டிகளை விட மாட்டார்கள், பேட்டரி வண்டி இருக்கிறது. தண்ணீர் கொண்டு போகலாம், சாப்பாட்டுப் பொட்டலம் கூடாது. நுழைவுக் கட்டணம் நம்மவர்களுக்கு 50 ரூபாய். மேலே கல்லறை மாடத்துக்குப் போக இன்னும் 200. பாட்டி படி ஏறப்போவதில்லை என்றால் அவருக்கு 50 ரூபாய் டிக்கெட்டே போதும். தோட்டத்துப் பெஞ்சிலிருந்துதான் தாஜ்மகால் முழுசாகத் தெரியும். 15 வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளுக்கு இங்கும், தொல்லியல் துறையின் மற்ற இடங்களிலும் கட்டணமே இல்லை. எல்லோருடைய ஆதாரும் கையில் இருக்கட்டும்.

மூன்று நாள் போதும் என்கிறவர்களுக்கு ஒரு குறுக்கு வழி. தமிழ்நாடு எக்ஸ்பிரஸ் ஆக்ராவிலும் நிற்கும். வியாழன் இரவு ஆக்ராவிலேயே ஏறிவிட்டால் சனிக்கிழமை காலை சென்னை. ஞாயிறு முழுவதும் ஓய்வு.

வெள்ளிக்கிழமை காலை ராமகிருஷ்ணபுரத்து மலை மந்திர். சின்னக் குன்றின் மேல் முருகன், உத்தர சுவாமிமலை என்று பெயர். டெல்லித் தமிழர்கள் பாடுபட்டு எழுப்பிய கோயில், 1973-ல் குடமுழுக்கு நடந்தது. நான்கு நாள் இந்தியில் திணறியவர்களுக்கு, வெள்ளிக்கிழமையன்று விபூதி வாசனையும் தமிழ்ப் பேச்சும் கிடைத்தால் எப்படி இருக்கும்!

அங்கிருந்து குதுப்மினார் தூரமில்லை. என் அம்மா பஸ் ஜன்னலில் பாதி பார்த்த அதே மினார். 72.5 மீட்டர் உயரம், உள்ளே 379 படிகள். ஆனால் 1981-ல் உள்ளே நெரிசலில் பலர் இறந்ததிலிருந்து யாரையும் ஏற விடுவதில்லை. கீழே நின்று அண்ணாந்து பார்ப்பதுதான் எல்லோருக்கும். வளாகமும் பெரும்பாலும் சமதரை. அதாவது, அந்த 11 இடங்களில் முழங்கால் வலிக்காரர் நிதானமாகப் பார்க்கக்கூடிய இடம் இதுதான். அம்மாவுக்கு இருபது நிமிடத்துக்குப் பதில் ஒன்றரை மணி நேரம் கொடுத்திருந்தால், கையைப் பிடித்துக்கொண்டு அந்த இரும்புத் தூண்வரை நடந்திருப்பார். சுமார் 1,600 வருடங்களாக மழையிலும் வெயிலிலும் நின்றும் துருப்பிடித்து அழியாத தூண். வீட்டில் இரும்புச் சட்டி ஒருநாள் ஈரத்தில் கிடந்தாலே சிவப்பாகிவிடுவதை வாழ்நாளெல்லாம் பார்த்த அவருக்கு, அந்தத் தூணின் அருமை என்னைவிட நன்றாகப் புரிந்திருக்கும். இன்றைக்கும் எனக்கு அது ஒரு குறைதான்.

ரூமைக் காலி செய்த பிறகு இரவு ரயில்வரை பெட்டிகளை என்ன செய்வது என்று கேட்பீர்கள். புது டெல்லி ஸ்டேஷனில் க்ளோக் ரூம் இருக்கிறது. பூட்டுப் போட்ட பெட்டியைத்தான் வாங்குவார்கள், ரயில் டிக்கெட்டும் காட்ட வேண்டும். பூட்டு வாங்க மறந்துவிடாதீர்கள்.

ஹுமாயூன் கல்லறை விட்டுப்போயிற்றே, அக்‌ஷர்தாம் விட்டுப்போயிற்றே என்றால், ஆமாம். வேண்டுமானால் ஒன்றை எடுத்துவிட்டு ஒன்றை வையுங்கள், கூட்டாதீர்கள். ஹுமாயூன் கல்லறையில் மேடைக்கு ஏறும் படிகள் செங்குத்து. தாஜ்மகாலுக்கு முன்னோடி அது, அழகான தோட்டம், பெரியவர்கள் கீழேயே இருந்துகொள்ளலாம். அக்‌ஷர்தாமுக்குள் செல்போன் கொண்டு போக முடியாது, அரை நாள் பிடிக்கும். ஹரித்வாருக்குத் தனியாக ஒரு பயணம் போங்கள். கங்கையில் குளிக்கப் போகிறவர்கள் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டா குளிப்பது?

கடைசியாக, எழுதிய அந்த வாசகிக்கு. உங்கள் கடிதத்தில் மாமியாரின் மூட்டுவலி இருந்தது, கணவருக்குக் கிடைக்கும் லீவு இருந்தது, பிள்ளைகளின் பரீட்சைத் தேதி இருந்தது. உங்களைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. ரயிலுக்கு இட்லியில் மிளகாய்ப்பொடி தடவிக் கட்டுவதும், புளியோதரை கிளறுவதும், மாத்திரை டப்பாவும் துண்டும் தண்ணீர் பாட்டிலும் உங்கள் பையில்தான் வரும் என்பதும் எனக்குத் தெரியும். ஐந்து பேருக்கு லீவு என்றால் உங்களுக்கும்தான். மாத்திரையும் டிக்கெட்டும் கணவர் பையில் இருக்கட்டும். பிள்ளைகள் அவரவர் பாட்டிலை அவரவர் தூக்கட்டும். புளியோதரை ஒரு வேளைக்குப் போதும். அடுத்த வேளைக்கு ரயிலில் வாங்கிக்கொள்ளுங்கள்.

கிளம்புவதற்கு முன்னால் பால்காரரிடம் சொல்லிவிடுங்கள், கேஸை மூடுங்கள், பக்கத்து வீட்டில் சாவி கொடுங்கள், துளசிக்குத் தண்ணீர் ஊற்றச் சொல்லுங்கள். திரும்பி வரும் ஞாயிற்றுக்கிழமை மதியம் வீட்டில் சமையல் வேண்டாம். யார் போய்ச் சாப்பாடு வாங்கி வருவது என்பதை இப்போதே பேசி முடிவு செய்துகொள்ளுங்கள்.

அன்புடன்,
ஆசிரியர்